நாள் தள்ளிப்போகும் முன்பே தொடங்க வேண்டிய காவல்

கருவுற்ற காலத்தில் மது: தென்னாப்பிரிக்கா காட்டும் கணக்கும் தடுப்புத் திட்டங்களின் இயக்கமும்

கருவில் மதுவால் வரும் பாதிப்பு பற்றிய உலக விழிப்புணர்வு நாளான செப்டம்பர் 9 ஒவ்வோர் ஆண்டும் வந்தால் தென்னாப்பிரிக்கச் செய்திகளில் ஓர் எண் அடிபடும்: ஆயிரத்துக்கு 111. தாய் வயிற்றில் இருந்தபோதே மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள், இளையோரின் விகிதம் இது. 2017இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டில் உலகச் சராசரி ஆயிரத்துக்கு 8ஐக்கூடத் தொடவில்லை. தென்னாப்பிரிக்காதான் பட்டியலில் முதலிடம்.

அதே நாட்டில் 2016இல் எடுத்த தேசிய மக்கள்தொகை, நலவாழ்வு ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது. வாழ்நாளில் ஒரு முறையாவது மது அருந்திய பெண்கள் 26 சதவீதமே. நான்கில் மூன்று பெண்கள் மதுவைத் தொட்டதே இல்லை என்னும்போது, பிள்ளைகளின் பாதிப்பு மட்டும் உலகிலேயே அதிகமாக இருப்பது எப்படி?

இந்தக் குழப்பத்துக்கு, கிழக்குக் கடற்கரையிலுள்ள டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் வட்டாரத் தமிழ் வீடுகளில் எளிதாக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "அது கேப் பக்கத்து வைன் தோட்டத்துச் சங்கதி." கேப் என்பது நாட்டின் மறுகோடியிலுள்ள மேற்குப் பகுதி. அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, மது கருவை எந்த வாரத்தில் தொடுகிறது, பெண் மருந்தகத்துக்கு (கிளினிக்குக்கு) எந்த வாரத்தில் வருகிறாள் என்ற இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சொற்கள்

எஃப்.ஏ.எஸ். (Fetal Alcohol Syndrome) என்பது கருவில் மதுவால் வரும் முழுவடிவ நோய்க்கூறு. மூன்று அடையாளங்கள் சேர்ந்திருக்கும். ஒன்று, முகம்: கண் திறப்பு குறுகலாக இருக்கும், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவிலுள்ள பள்ளம் தேய்ந்து வழவழவென்றிருக்கும், மேலுதடு மெலிந்திருக்கும். இரண்டு, வளர்ச்சிக் குறைவு. மூன்று, மூளைப் பாதிப்பு.

எஃப்.ஏ.எஸ்.டி. (Fetal Alcohol Spectrum Disorders) என்பது அதைவிட அகலமான குடை. முகத்தில் எந்த அடையாளமும் இல்லாமல், நினைவு, கணக்கு, கவனம், கோபத்தை அடக்குதல், காரண காரியத்தை இணைத்துப் பார்த்தல் ஆகியவற்றில் மட்டும் பாதிப்புள்ள பிள்ளைகளும் இதில் அடங்குவர். பெரும்பாலோர் இப்படித்தான் இருக்கிறார்கள். "முகம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லி இவர்களை யாரும் பரிசோதனைக்கு அழைத்துப் போவதில்லை. பள்ளியில் சோம்பேறி, அடங்காதவன் என்ற பட்டம் கிடைக்கும். இந்தப் பாதிப்பு ஆயுள் முழுவதும் இருக்கும். பயிற்சியால் அதோடு வாழக் கற்றுக்கொடுக்கலாம். மருந்தால் நீக்க முடியாது.

1968இல் பிரான்சின் நாந்த் நகரில் லெமுவான் என்ற குழந்தை மருத்துவர் 127 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் ஆகிய இருவரும் இதற்குப் பெயர் வைத்தார்கள். மருத்துவம் இதை அறிந்து அரை நூற்றாண்டுதான் ஆகிறது.

மது கருவுக்குள் என்ன செய்கிறது

ஆல்கஹால் மிகச் சிறிய மூலக்கூறு. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. தாய் குடித்துச் சிறிது நேரத்துக்குள் கருவின் ரத்தத்திலும் ஏறத்தாழ அதே அளவு ஏறிவிடும். தாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றும். கருவின் கல்லீரலுக்கு அந்தத் திறன் அநேகமாக இல்லை. பனிக்குட நீரிலும் மது தேங்கும், சிசு அந்த நீரையே விழுங்கிக்கொண்டிருக்கும். தாய்க்கு மயக்கம் தெளிந்த பிறகும் உள்ளே தெளிவதில்லை.

இனி வாரக் கணக்கு. மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள்.

1. 2ஆம் வாரம் முடியும்போது கரு உருவாகிறது.
2. 4ஆம் வாரம் முடியும்போது மாதவிலக்கு வர வேண்டிய நாள். அது தள்ளிப்போனால்தான் பெண்ணுக்குச் சந்தேகமே எழும்.
3. 5ஆம் வாரத்தில் கரு மூன்று அடுக்காக மடிந்து உருக்கொள்கிறது. எஃப்.ஏ.எஸ். முகத்தின் அடையாளங்கள் இந்தச் சில நாட்களில் பட்ட அடியிலிருந்து வருகின்றன என்பதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அதாவது நாள் தள்ளிப்போன அதே வாரம்.
4. 5 முதல் 10 வாரம் வரை இதயம், கை, கால், கண், காது ஆகியவை உருவாகும்.
5. மூளை முதல் வாரங்கள் தொட்டுப் பிறக்கும் நாள் வரையும், பிறந்த பின்னும் வளர்கிறது. ஆகவே "மூன்று மாதம் தாண்டிவிட்டது, இனி பயமில்லை" என்பது தவறு.

இந்த ஐந்தாவது புள்ளியை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். தெரியாமல் குடித்துவிட்டு, தெரிந்ததும் நடுங்கிப்போகும் பெண்கள் பலர். மூளை இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்பதால், எந்த வாரத்தில் நிறுத்தினாலும் அந்த வாரத்திலிருந்து பிள்ளைக்கு லாபம். நர்ஸ் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் இதுதான். முதலில் குற்றப்பட்டியலை எடுத்தால் அந்தப் பெண் அடுத்த முறை வர மாட்டாள்.

பாதிப்பு மூளையோடு நிற்பதுமில்லை. கேப் டவுனிலும் அமெரிக்காவின் டகோட்டா பகுதிகளிலும் ஏறத்தாழ 12,000 கர்ப்பங்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்றின் முடிவு 2020இல் வந்தது. முதல் மூன்று மாதங்களுக்குப் பிறகும் குடியும் புகையும் இரண்டுமே தொடர்ந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு, தூக்கத்தில் காரணமின்றி இறந்துபோகும் ஆபத்து ஏறத்தாழ 12 மடங்கு. குடி மட்டும் தொடர்ந்தால் 4 மடங்கு. இரண்டையும் தனித்தனித் துறையாகப் பிரித்து நடத்தும் திட்டங்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஒரு கிளாஸ் என்றால் எவ்வளவு

"கொஞ்சம்தான் குடிப்பேன்" என்பதை எப்படி அளப்பது? தென்னாப்பிரிக்காவில் ஓர் அலகு என்பது ஏறத்தாழ 12 கிராம் சுத்த ஆல்கஹால். மில்லிலிட்டரைச் சதவீதத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, 0.79ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும்.

1. 340 மி.லி. டப்பா பியர், 5 சதவீதம்: 13 கிராம், அதாவது ஓர் அலகுக்குச் சற்று மேல்.
2. 750 மி.லி. பெரிய பியர் பாட்டில்: 30 கிராம், இரண்டரை அலகு. பலர் இதை "ஒரு பியர்" என்றே எண்ணுவார்கள்.
3. 750 மி.லி. வைன், 12 சதவீதம்: 71 கிராம், ஆறு அலகு.
4. 25 மி.லி. பிராந்தியோ, கரும்பிலிருந்து வடிக்கும் கேன் ஸ்பிரிட்டோ, 43 சதவீதம்: எட்டரை கிராம். ஆனால் வீட்டில் யாரும் 25 மி.லி. அளந்து ஊற்றுவதில்லை. 375 மி.லி. அரை பாட்டில் கேன் என்றால் 127 கிராம், பத்து அலகுக்கு மேல்.

பெரியவர் உடல் ஓர் அலகைக் கரைக்க ஒரு மணி நேரத்துக்கு மேலேயே எடுக்கும். சனிக்கிழமை இரவு முழு வைன் பாட்டிலைக் குடித்தவரின் ரத்தம் ஞாயிறு காலை வரைகூடத் தெளியாது.

இங்கேதான் மேலே கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. பிள்ளையைப் பெரிதும் தாக்குவது ரத்தத்தில் ஏறும் உச்ச அளவு. வாரம் ஏழு நாளும் ஒவ்வோர் அலகு குடிப்பதைவிட, ஏழு அலகையும் ஒரே இரவில் குடிப்பது அதிகம் சேதப்படுத்தும். தென்னாப்பிரிக்காவில் குடிக்கும் பெண்கள் குறைவு. ஆனால் குடிப்பவர்களில் பலர் வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு வரை, அதுவும் மாதக் கடைசியில் சம்பளம் வந்ததும், சேர்த்துக் குடிக்கிறார்கள். உடல் எடை குறைவாக இருந்தால், சாப்பாடு சத்தில்லாமல் இருந்தால், வயது கூடி, முன்பே பல பிரசவங்கள் ஆகியிருந்தால் அதே அளவு மது இன்னும் ஆழமாகத் தாக்கும். கேப் பண்ணைகளில் இவை அனைத்தும் ஒரே பெண்ணின் மேல் வந்து குவிந்தன. கூலியின் ஒரு பகுதியை மலிவு வைனாகக் கொடுக்கும் 'டாப்' முறை அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்தது. 1960களில் சட்டம் அதைத் தடுத்தது. பழக்கம் அதன் பிறகும் பல்லாண்டுகள் ஓடியது. கேப்பிலுள்ள வெலிங்டன் ஊரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், முழுவடிவ எஃப்.ஏ.எஸ். மட்டுமே ஆயிரத்துக்கு 40க்கு மேல் இருந்தது.

டர்பன் அடங்கிய நேட்டாலில் கரும்புத் தோட்டத்துக்கு 1860இல் வந்தவர்களின் வழியினருக்கு 'டாப்' வரலாறு இல்லை. ஆனால் சேர்த்துக் குடிக்கும் வாரக்கடைசி இருக்கிறது, கேன் பாட்டில் இருக்கிறது. கரு ஊரைப் பார்ப்பதில்லை, உச்ச அளவைத்தான் பார்க்கிறது. "கேப் சங்கதி" என்ற பதிலில் விடுபட்ட பாதி இது.

மருந்தகத்தின் தேதியும் கருவின் தேதியும்

1994 முதல் தென்னாப்பிரிக்காவில் கர்ப்பிணிகளுக்கும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம். 2017 முதல் கர்ப்ப காலச் சந்திப்புகள் எட்டு: முடிந்தவரை சீக்கிரம் முதல் பதிவு, பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40ஆம் வாரங்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் 18ஆம் வாரத்தில் முதல் பதிவுக்கு வரும் பெண்ணிடம் "குடிக்காதீர்கள்" என்று சொல்லும்போது, முகம் உருவான வாரம் கடந்து மூன்று மாதம் ஆகிவிட்டது.

ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2022இல் சொன்னபடி உலகக் கர்ப்பங்களில் ஏறத்தாழ பாதி திட்டமிடாதவை. திட்டமிடாத கர்ப்பத்தில் முன்கூட்டியே மதுவை நிறுத்த யாருக்கும் காரணம் இருக்காது.

எனவே கர்ப்பிணியிடம் மட்டும் பேசும் திட்டம், எவ்வளவு நன்றாக நடந்தாலும், பாதி வேலையைத்தான் செய்ய முடியும். மீதி, நாள் தள்ளிப்போகும் முன்பே நடக்க வேண்டும்.

தடுப்பு எப்படி நடக்கிறது

*1. கேட்பது*

உலக சுகாதார அமைப்பின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் ஒவ்வொரு சந்திப்பிலும் மது பற்றிக் கேட்கச் சொல்கிறது. ஒவ்வொருவரிடமும் என்பது முக்கியம். பார்வைக்கு "அப்படிப்பட்டவள்" போலத் தெரிபவளிடம் மட்டும் கேட்டால், புடவையும் பொட்டுமாக மாமியாரோடு வரும் பெண்ணை யாரும் கேட்க மாட்டார்கள். அவளும் சொல்ல மாட்டாள்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "இப்போது குடிக்கிறீர்களா?" என்றால் "இல்லை" என்பதே விடையாக வரும். "மாசமாக இருப்பது தெரிவதற்கு முன்னால், சனிக்கிழமைகளில் என்ன குடிப்பீர்கள், எவ்வளவு?" என்றால் உண்மை வெளிவரும். அந்த அளவே இப்போதைய ஆபத்துக்கும் நல்ல அளவுகோல். கர்ப்பிணிகளுக்கென்றே அமைந்த நான்கு கேள்விப் பரிசோதனை ஒன்று உண்டு, டி-ஏஸ் என்பார்கள்:

அ) எத்தனை கிளாஸ் குடித்தால் தலைக்கு ஏறும்? இரண்டுக்கு மேல் என்றால் 2 மதிப்பெண்.
ஆ) உங்கள் குடியைப் பற்றி யாராவது குறை பேசி, உங்களுக்கு எரிச்சல் வந்ததுண்டா? ஆம் என்றால் 1.
இ) குறைக்க வேண்டும் என்று தோன்றியதுண்டா? 1.
ஈ) காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா? 1.

மொத்தம் 2 வந்தாலே விரிவாகப் பேச வேண்டும். முதல் கேள்வியின் நுட்பத்தைப் பாருங்கள். குடிக்கிறாயா என்று அது கேட்கவில்லை. உடல் எவ்வளவு பழகிவிட்டது என்பதைக் கேட்கிறது. மறைக்க நினைப்பவர்கூட இதற்கு வெட்கப்படாமல் பதில் சொல்லிவிடுவார்.

மாமியாரும் கணவரும் அறைக்கு வெளியே இருக்கும்போதுதான் கேட்க வேண்டும். நெரிசலான மருந்தகத்தில், திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர் வரிசையில் நிற்க, உரத்த குரலில் கேட்ட கேள்விக்கு வந்த "இல்லை" கோப்பில் ஏறிவிட்டால், அடுத்த ஏழு சந்திப்பிலும் அதுதான் நகலாகும்.

*2. பத்து நிமிடப் பேச்சு*

மதுவைச் சார்ந்து வாழாத, வாரக்கடைசியில் மட்டும் குடிக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் இது போதும். அவள் சொன்ன அளவை அலகாக மாற்றிக் காட்டுவது, கருவுக்கு என்ன ஆகும் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்வது, "உங்களுக்கு எது கடினமாக இருக்கும்?" என்று கேட்பது, அந்த இடத்துக்கு மட்டும் ஒரு வழியை அவளையே தேர்ந்தெடுக்க வைப்பது. கல்யாண வீட்டில் கையில் கிளாஸைத் திணிக்கும் அண்ணிக்கு என்ன பதில் சொல்வது என்பதுவரை பேசி ஒத்திகை பார்ப்பது. அடுத்த சந்திப்பில் அதே விஷயத்தை மறக்காமல் கேட்பது. பலமுறை கைவிட்டுப்போவது இந்தக் கடைசிப் படிதான். நர்ஸ் மாறிவிடுவார், குறிப்பு எழுதப்பட்டிருக்காது.

*3. கருத்தடையும் மதுவும் ஒரே பேச்சில்*

கர்ப்பத்துக்கு முந்தைய தடுப்பு இங்கே இருக்கிறது, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பகுதியும் இதுவே. சேர்த்துக் குடிக்கும் வழக்கமும் பாதுகாப்பில்லாத உறவும் இருக்கும் பெண்ணுக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. எந்தக் கதவை மூடினாலும் பிள்ளை காப்பாற்றப்படும்: குடியைக் குறைக்கலாம், அல்லது குடி நிற்கும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடலாம். தேர்வு அவளுடையது.

மேற்கு கேப்பில் 165 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2013இல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஊக்கமூட்டும் முறையில் ஐந்து அமர்வுகள், மறு குழுவுக்குக் கையேடு மட்டும் என்ற வகையில் நடந்தது. ஓராண்டு கழித்து, ஐந்து அமர்வு பெற்றவர்களில் பாதிப் பேர் ஆபத்து நிலையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். மற்றவர்களில் கால் பங்குக்குச் சற்று மேல்.

அரசு மருந்தகங்களில் மூன்று மாத ஊசி, இரண்டு மாத ஊசி, கையில் பொருத்தும் மூன்றாண்டுக் குச்சி, காப்பர் வளையம் எல்லாம் இலவசம். குடிக்கும் பெண்ணுக்கு தினசரி மாத்திரை சரிவராது, வெள்ளி இரவு மறந்துபோகும். குச்சியோ வளையமோ நல்லது. ஆனால் கட்டாயப்படுத்திப் பொருத்தக் கூடாது. அப்படிச் செய்த இடங்களில் மருந்தகத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

*4. நிறுத்த முடியாதவர்*

தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், "நாளையிலிருந்து தொட மாட்டேன்" என்று வீட்டில் திடீரென நிறுத்துவது ஆபத்து. ஆறு மணி நேரம் தொட்டு நடுக்கமும் வியர்வையும் வாந்தியும் தொடங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கலாம். கருவுற்றவளுக்கு வலிப்பு வந்தால் உயிர் இரண்டு. மருத்துவமனையில் சேர்த்து, குறுகிய காலத்துக்கு, நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் பென்சோடையாசெபைன் மருந்தும், தயமின் என்னும் பி1 வைட்டமினும் கொடுத்து, சிசுவின் துடிப்பைக் கவனித்துக்கொண்டே நிறுத்த வேண்டும். தென்னாப்பிரிக்காவில் மது, போதைப் பழக்கத்துக்கு உதவும் சான்கா அமைப்பின் கிளைகள் டர்பன் உட்படப் பல ஊர்களில் உள்ளன. சமூக மேம்பாட்டுத் துறையின் இலவச உதவி எண் 0800 12 13 14.

டி ஆர் ஊர் கற்றுத்தந்தது

வடக்கு கேப்பின் வறண்ட நிலத்தில் இருக்கும் ரயில் சந்திப்பு ஊர் டி ஆர். 1997இல் தொடங்கிய ஃபார் என்னும் மது ஆய்வு அறக்கட்டளை அங்கே முதலில் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்துக் கணக்கெடுத்தது. பிறகு உள்ளூர் ஊடகங்கள் வழியாகவும் மருந்தகங்களில் நலவாழ்வுப் பேச்சுகள் வழியாகவும் ஊர் முழுவதற்கும் விஷயத்தைக் கொண்டுபோனது. இந்தப் பிரசாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளையும் பின் பிறந்த குழந்தைகளையும் பரிசோதித்து ஒப்பிட்டார்கள். 2012இல் வெளியான முடிவு: எஃப்.ஏ.எஸ்.டி. விகிதம் 8.9 சதவீதத்திலிருந்து 5.7 சதவீதமாக இறங்கியிருந்தது.

உலகில் இப்படிப் பிள்ளைகளின் மேலேயே அளந்து இறக்கத்தைக் காட்டிய திட்டங்கள் மிக அரிது. பெரும்பாலான திட்டங்கள் "எத்தனை கையேடு கொடுத்தோம், எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள்" என்பதோடு நின்றுவிடும்.

ஆனால் அதே முடிவுக்குள் இன்னொரு செய்தி இருக்கிறது. இறங்கியது ஒட்டுமொத்த எஃப்.ஏ.எஸ்.டி.; முழுவடிவ, பாதிவடிவ எஃப்.ஏ.எஸ். அளவில் மாற்றமில்லை. அதாவது ஊருக்குப் பொதுவாகச் சொல்லும் செய்தி, நிறுத்தக்கூடிய நிலையில் இருக்கும் பெண்களை எட்டுகிறது. மிக அதிகமாகக் குடிப்பவர்களை அது எட்டவில்லை. அவர்களுக்கு வீடு தேடிப்போகும் ஆள், படுக்கையோடு கூடிய சிகிச்சை, மனச்சோர்வுக்கு மருத்துவம், அடிக்கும் கணவனிடமிருந்து தங்க ஓர் இடம் எல்லாம் வேண்டும். சுவரொட்டிக்கு நிதி ஒதுக்குவது எளிது, இதற்கு ஒதுக்குவது கடினம். கடினமானதை விட்டுவிட்ட திட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்படப்போகும் பிள்ளையைத்தான் விட்டுவிடுகிறது.

பாட்டிலும் விலையும்

2007இல் வெளியான தென்னாப்பிரிக்க விதிப்படி மது பாட்டிலின் லேபிளில் எட்டில் ஒரு பங்கு இடத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டும். ஏழு வாசகங்களில் ஏதாவது ஒன்று போதும். கருவைப் பற்றியது அவற்றில் ஒன்று. வாகனம் ஓட்டுவது பற்றிய வாசகமுள்ள பாட்டில் ஒரு கர்ப்பிணியின் கைக்கு வந்தால் அவளுக்கான செய்தி அதில் இல்லை.

அண்டைத் தீவான ரீயூனியன் இதில் முந்திக்கொண்டது. அந்தத் தீவின் செனட்டர் ஆன்-மரி பேயே பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் போராடிக் கொண்டுவந்த திருத்தத்தால், 2007 அக்டோபர் முதல் பிரான்சு முழுவதிலும் விற்கும் ஒவ்வொரு மது பாட்டிலிலும் கருவுற்ற பெண்ணின் உருவத்தின் மேல் கோடு போட்ட படமோ அதற்கான வாசகமோ கட்டாயம். படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும். ஆனால் படம் சிறிதாக, பாட்டிலின் நிறத்திலேயே அச்சாகும்போது கண்ணில் படுவதில்லை. அளவையும் நிறத்தையும் விதியில் எழுதாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

வீட்டில் ஊறவைக்கும் அன்னாசிச் சாராயத்துக்கு லேபிளே கிடையாது. 2020இல் மது விற்பனைத் தடை வந்தபோது அது எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதை எல்லோரும் பார்த்தோம்.

லேபிளைவிட விலை வலிமையானது. இங்கே வரியில் ஓர் ஓட்டை உண்டு. பியருக்கும் ஸ்பிரிட்டுக்கும் அவற்றிலுள்ள சுத்த ஆல்கஹாலின் அளவுக்கு வரி. வைனுக்கு மட்டும் லிட்டர் கணக்கு, அதுவும் குறைவாக. அதனால் ஓர் அலகு ஆல்கஹால் மலிவாகக் கிடைப்பது பெரிய பெட்டி வைனில்.

புரட்டாசி தெரிந்த வீடுகள்

தென்னாப்பிரிக்கத் தமிழ் வீடுகள் பலவற்றில் புரட்டாசியைக் கண்டிப்பாக அனுசரிப்பார்கள். செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடு வரை கறியும் மதுவும் வீட்டைவிட்டு வெளியேறும். காவடி எடுப்பவர் வீட்டிலும் அதே கட்டுப்பாடுதான். இதில் கவனிக்க வேண்டியது, விரதம் ஒருவருக்கு மட்டும் அல்ல என்பது. தாத்தா முதல் பேரன் வரை நிறுத்துவார்கள். நண்பர்கள் கேட்டால் "புரட்டாசி" என்ற ஒரே சொல் போதும், யாரும் வற்புறுத்துவதில்லை.

பெண்ணின் குடியை முன்கூட்டிச் சொல்லும் வலுவான அடையாளங்களில் ஒன்று அவள் கணவனின் குடி. கணவன் முன்னறையில் நண்பர்களோடு குடிக்க, மனைவி மட்டும் ஒன்பது மாதம் தனியாக நிறுத்த வேண்டும் என்று எதிர்பார்க்கும் திட்டம் தோற்கும். ஒரு மாதம் வீடே நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு, பிள்ளைக்காக வீடே நிறுத்துவது புதிய பாடம் இல்லை. கோயில் குழுக்களும் மாதர் சங்கங்களும் இதை எடுத்துப் பேசலாம். செப்டம்பர் 9க்கும் புரட்டாசி முதல் நாளுக்கும் நடுவே ஒரு வாரமே இருக்கிறது. வளைகாப்பு வரை காத்திருந்தால் ஏழு மாதம் போய்விடும். கல்யாணப் பேச்சு நடக்கும்போதே பேச வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தினமும் குடிப்பவர் புரட்டாசி முதல் நாளில் சட்டென்று நிறுத்தினால் மேலே சொன்ன வலிப்பு ஆபத்து அவருக்கும் உண்டு. இரண்டாவது, விரதம் முடிந்த சனிக்கிழமை. ஒரு மாதத்துக் குடியை ஒரே இரவில் ஈடுகட்டுவது, பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால், விரதமே இல்லாததைவிட மோசமான உச்ச அளவைத் தரும்.

பிரசவத்துக்குப் பிறகு பால் ஊற ஸ்டவுட் பியர், உடம்பு தேற ஒரு மூடி பிராந்தி என்ற கைவைத்தியமும் இருக்கிறது. மது பாலைக் கூட்டுவதில்லை. பாலை இறக்கிவிடும் ஆக்சிடோசின் சுரப்பை அது தடுக்கிறது. தாய் ரத்தத்தில் உள்ள அளவே பாலிலும் இருக்கும். பாலைப் பீய்ச்சிக் கொட்டினாலும் பயனில்லை, ரத்தம் தெளிய வேண்டும். ஓர் அலகுக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிறந்த பிள்ளையிலிருந்து அடுத்த பிள்ளைக்கு

எஃப்.ஏ.எஸ்.டி. உள்ள ஒரு பிள்ளையைப் பெற்ற தாய், குடி தொடர்ந்தால், அடுத்த பிள்ளையையும் அப்படியே பெறும் வாய்ப்பு மிக அதிகம். வயதும் பிரசவ எண்ணிக்கையும் கூடுவதால் அடுத்தவரின் பாதிப்பு இன்னும் ஆழமாக இருக்கும். ஆகவே ஒரு பிள்ளையைக் கண்டறிவதே அடுத்த பிள்ளைக்கான தடுப்பு.

கண்டறிய ஆரம்பக் கருவி அளவு நாடா. தடுப்பூசிக்கு வரும்போது எடையைப் போலவே தலைச் சுற்றளவையும் அளந்து குழந்தையின் நலவாழ்வுப் புத்தகத்தில் எழுத வேண்டும். நெரிசல் நாளில் முதலில் விடுபடுவது இந்த வரிதான். தலை வளர்ச்சிக் கோடு தொடர்ந்து கீழே போனால், பால் குடிக்கும்போது சீக்கிரம் களைத்தால், உட்காரவும் பேசவும் தாமதமானால் குழந்தை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதே நாளில், அதே அறையில், தாயிடம் கடந்த கர்ப்பத்தின் சனிக்கிழமைகளைப் பற்றி மெதுவாகக் கேட்டு, கருத்தடை பற்றியும் சிகிச்சை பற்றியும் பேசி, அடுத்த தேதியைக் குறித்து அனுப்ப வேண்டும். பிள்ளைக்கு ஒரு துறை, தாய்க்கு இன்னொரு துறை, இரண்டுக்கும் வேறு வேறு கட்டிடம், வேறு வேறு நாள் என்று பிரித்துவைத்தால் அவள் இரண்டாவது இடத்துக்குப் போக மாட்டாள். அடுத்த முறை 18ஆம் வாரத்தில்தான் வருவாள்.